தூத்துக்குடி எந்தப் பக்கம்?

கொட்டகலையில் பின்னேரம் நாலு மணிக்கு மூட்டம் இறங்கினால் ரயில் ஸ்டேஷன் மறைந்துவிடும். ஊதல் மட்டும் கேட்கும். அந்த நேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டி குடிப்பது என் பழக்கம். போன வாரம் அண்ணன் மகள் வந்திருந்தாள். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறாள். நோர்ட்டன் பிரிட்ஜில் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், முன்பு அங்கே மலையில் மோதிய விமானத்தின் சக்கரம் காட்சிக்கு இருப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அவ்ளோ பெரிய ப்ளேன் சித்தப்பா. அதுக்கு மலை இருக்கிறது தெரியாதா? ஏர்போட் எந்தப் பக்கமுன்னு தெரியாதா?"

கேள்வி இரண்டு. இரண்டாவதை அவிழ்த்தால்தான் முதலாவது அவிழும். நான் எழுந்து அலுமாரியிலிருந்து அப்பாவின் பழைய ட்ரான்சிஸ்டரை எடுத்து வந்து, பெட்டரி போட்டு அவள் கையில் கொடுத்தேன். மத்திய அலையில் 1053 கிலோஹேர்ட்ஸ். தூத்துக்குடி வானொலி நிலையம். அப்பா உயிரோடிருந்த காலத்தில் எங்கள் லயத்தில் மாலை நேரமென்றால் பாதி காம்பராக்களில் அந்த நிலையமோ இலங்கை வானொலியோதான் பாடும்.

"இதை இந்த மேசை மேலேயே வச்சு மெதுவாத் திருப்பு புள்ள. தூக்காதே, சுத்த மட்டும் செய்."

சுற்றினாள். பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து, ஓரிடத்தில் இரைச்சலுக்குள் அமுங்கிப்போனது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள், மீண்டும் வந்தது. லயத்தில் பிறந்த எல்லாருக்கும் இது தெரிந்த சங்கதி. பாட்டு சரியாகக் கேட்கவில்லையென்றால் ரேடியோவைத் திருப்பி வைப்போம், அவ்வளவுதான். ஆனால் பாட்டு செத்துப்போகிற அந்த இடத்தில் நின்று யோசித்தவர்கள்தான் விமானத்துக்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார்கள்.

ரேடியோவின் முதுகைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே விரல் தடிப்பில் கறுப்பாக ஒரு கட்டை, அதன்மேல் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பி. ஃபெரைட் தண்டு என்பது அதுதான். பாட்டு செத்துப்போகும்போது அந்தத் தண்டு வானொலி நிலையத்தை நோக்கி நேராக நீட்டிக்கொண்டிருக்கும். தண்டு நிலையத்துக்குக் குறுக்காகக் கிடக்கும்போதுதான் பாட்டு பலமாகக் கேட்கும்.

ஏன் அப்படி? தண்டை மறந்துவிட்டு, ஒரு ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் கம்பி ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஒரு நிமிர்ந்த கம்பி, வலப்பக்கம் ஒன்று. ஜன்னலின் முகம் நிலையத்தைப் பார்த்திருந்தால், அலை இரண்டு கம்பியையும் ஒரே கணத்தில் தொடுகிறது. இரண்டிலும் ஒரே அளவு தள்ளல். ஆனால் அவை ஒரே வளையத்தின் இரு கரைகள். இடப்பக்கத் தள்ளல் வளையத்தை ஒரு வாட்டத்தில் சுற்றப் பார்க்கும், வலப்பக்கத் தள்ளல் எதிர் வாட்டத்தில். ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமும் சம பலத்தோடு தள்ளுகிற மாதிரி. கதவு அசையாது. இப்போது ஜன்னலைத் திருப்பி அதன் விளிம்பை நிலையத்துக்குக் காட்டுங்கள். அலை ஒரு கம்பியை முன்னாலும் மற்றதைச் சற்றுப் பின்னாலும் தொடும். தள்ளலில் வித்தியாசம் வந்துவிட்டது, மின்னோட்டம் ஓடும்.

அந்த வித்தியாசம் மிகச் சின்னது. 1053 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் 285 மீட்டர். ஒரு மீட்டர் அகலச் சட்டம் அந்த நீளத்தில் 285-இல் ஒரு பங்குதான். கிடைக்கும் சிறு வித்தியாசத்தைப் பெருக்கித்தான் காதுக்குக் கொண்டு வருகிறார்கள். ஃபெரைட் தண்டு காந்தப்புலத்தைத் தனக்குள் இழுத்துச் சேர்த்துக்கொள்வதால், ஜன்னலளவு வளையத்தின் வேலையை ஒரு சாண் கட்டை செய்கிறது.

"பலமாக் கேக்கிற பக்கத்தை வச்சுத் திசை சொல்லலாந்தானே சித்தப்பா? எதுக்குச் சாகிற எடத்தைத் தேடணும்?"

நல்ல கேள்வி. மலையின் உச்சியில் நிற்பவர் நாலடி தள்ளி நின்றாலும் உயரம் பெரிதாக மாறாது. பள்ளத்தாக்கின் கூரான மடிப்பில் நாலடி தள்ளினால் உடனே ஏற்றம் தெரியும். சத்தமும் அப்படித்தான். பலமான இடத்திலிருந்து 10 பாகை தப்பினால் ஒலி நூற்றுக்கு ஒன்றரைதான் குறையும், காது அதைப் பிடிக்காது. செத்துப்போன இடத்திலிருந்து 10 பாகை தப்பினால், முழுச் சத்தத்தில் நூற்றுக்குப் பதினேழு திரும்பி வந்துவிடும். கூர்மை மௌனத்தில்தான் இருக்கிறது.

இனித்தான் சிக்கல். அவள் பாட்டைச் சாகடித்து நிறுத்திய நிலையில், தண்டின் வாக்கில் சீமெந்துத் தரையில் சோக்கால் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். "இதில எந்த முனை தூத்துக்குடி?" என்றேன். கோட்டின் ஒரு முனை வடமேற்கே போய்க் கடல் தாண்டித் தூத்துக்குடியைத் தொடும். மறு முனை தென்கிழக்கே, ஏறத்தாழ கதிர்காமத்துக்குப் போகும். இரண்டு முனையும் ரேடியோவுக்கு ஒன்றுதான். எங்கள் தாத்தா தூத்துக்குடியில் கப்பலேறி வந்தவர் என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அதனால் எங்களுக்குத் தெரியும். மேகத்துக்குள் இருக்கிற விமானிக்கு யார் சொல்வார்கள்?

1943 ஏப்ரல் 4-ஆம் தேதி நேப்பிள்ஸ் நகரைத் தாக்கப் போய்விட்டு, லிபியாவில் சொலூக் தளத்துக்கு இரவில் தனியே திரும்பிக்கொண்டிருந்தது ஓர் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம். 'லேடி பி குட்' என்பது அதன் பெயர். பெங்காசி அருகே பெனினாவில் இருந்த திசைகாணும் நிலையத்திடம் வழி கேட்டது. நிலையத்து வளையம் 330 பாகை என்று காட்டியது. அதாவது வடமேற்கே கடல் பக்கம். ஆனால் அந்த வளையத்துக்கும் இரண்டு முனை. விமானம் அதற்குள் தளத்தைத் தாண்டித் தென்கிழக்கே பாலைவனத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கிற விளக்கம். இன்னும் கடல்மேல்தான் இருக்கிறோம் என்று நம்பி, எரிபொருள் தீரும்வரை பறந்தார்கள். ஒன்பது பேரும் பாரசூட்டில் குதித்தார்கள். உயிரோடு தரையிறங்கியவர்கள் நாள்கணக்காக வடக்கே கடலைத் தேடி நடந்தே மாண்டுபோனார்கள். விமானம் மணலில் கிடந்தது 1958-இல்தான் மேலிருந்து கண்ணில் பட்டது. நான் இதை எப்போது நினைத்தாலும் அந்த நடையைத்தான் நினைப்பேன்.

இந்த இரண்டு முனைச் சிக்கலுக்கு மருந்து அதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. வளையத்தோடு நேரான ஒரு கம்பியையும் சேர்ப்பதுதான் அது. நேர்க்கம்பிக்குத் திசை தெரியாது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே அளவு வாங்கும். வளையமோ ஒரு பக்கத்திலிருந்து வந்தால் கூட்டலாகவும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் கழித்தலாகவும் வாங்கும். இரண்டையும் அளவாகச் சேர்த்தால் ஒரு பக்கம் பெருகி, மறு பக்கம் அழிந்துபோகும். எந்தெந்தத் திசையில் எவ்வளவு கேட்கிறது என்று கடதாசியில் வரைந்து பார்த்தால் வெற்றிலை வடிவம் வரும். காம்பு சேருகிற குழியில் மட்டும் மௌனம். குழி ஒன்றே ஒன்றுதான், ஆகவே சந்தேகமும் இல்லை. வெற்றிலைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவள் கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டாள்.

ஆரம்ப காலத்தில் இந்த வளையத்தை விமானத்துக்குள் ஒருவர் கையால் சுற்றிக்கொண்டிருந்தார், காதில் ஹெட்போன் வைத்தபடி. பெல்லினி, தோசி என்ற இரண்டு இத்தாலியர்கள் 1907-இல் வேறு வழி சொன்னார்கள். வளையத்தைச் சுற்ற வேண்டாம், ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு வளையங்களை அசையாமல் நிறுத்திவிட்டு, அவற்றிலிருந்து வரும் மின்னை உள்ளே ஒரு சிறு பெட்டியில் ஒப்பிட்டாலே போதும் என்றார்கள். சுற்றும் வேலையையும் இயந்திரத்திடம் விட்டதுதான் அடுத்த படி. அதில் முன்னோடி பிரெஞ்சுக்காரரான ஆன்ரி புஸினி. விமானிகள் ஏ.டி.எஃப். என்று சொல்லும் தானியங்கித் திசைகாணி அப்படி வந்தது. விமானி அலைவரிசையைத் திருகி வைத்தால் போதும், முள் தானாகவே நிலையத்தைக் காட்டும்.

முள் காட்டுவது விமானத்தின் மூக்கிலிருந்து எத்தனை பாகை என்பதை. திசைகாட்டிப்படி விமானம் 280 பாகையில் போகிறது, முள் வலப்பக்கம் 40 காட்டுகிறது என்றால், நிலையம் 320 பாகையில் இருக்கிறது. நிலையத்தின் தலைக்கு மேலே பறந்து கடந்ததும் முள் தடுமாறி, அப்படியே புரண்டு வாலைக் காட்டும். 'இப்போது அந்த இடத்தைக் கடந்தேன்' என்று விமானிக்கு உறுதியாகத் தெரியும் கணம் அது.

தரையில் இதற்கென்று நிற்பது ஓர் எளிய கம்பம். எந்நேரமும் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஒலிபரப்பி, தன் பெயரின் இரண்டு மூன்று எழுத்தை மோர்ஸ் ஒலியில் திரும்பத் திரும்பச் சொல்லும். வேறெதுவும் சொல்லாது. அது இல்லாத இடத்தில் சாதாரண வானொலி நிலையமும் உதவும். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கப் போன ஜப்பானிய விமானங்கள் ஹொனலூலு வானொலியின் பாட்டைப் பிடித்துக்கொண்டே வழி கண்டன. அவற்றுக்குத் தலைமை தாங்கிய ஃபுச்சிதாதான் 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பின் மேலும் விமானங்களை நடத்தி வந்தவர். கம்பம் யாருக்கு வழி காட்டுகிறோம் என்று பார்ப்பதில்லை.

ஒரு நிலையம் ஒரு கோட்டைத்தான் தரும். அந்தக் கோட்டில் எங்கே இருக்கிறோம் என்று அறிய இரண்டாவது நிலையம் வேண்டும். இதை நான் உயர்தரம் படிக்கும்போது செய்து பார்த்தேன், இதே ரேடியோவில். தூத்துக்குடி ஒரு கோடு, 936-இல் திருச்சி இன்னொரு கோடு. பள்ளிக்கூடத்துத் திசைகாட்டியை ரேடியோப் பக்கத்தில் வைத்துப் பாகை பார்த்து, அட்லஸில் இரண்டு ஊரிலிருந்தும் கோடு இழுத்தேன். கொட்டகலையில் வெட்ட வேண்டிய கோடுகள் குருநாகலில் போய் வெட்டின. தேயிலை மலையில் இருந்தவனைத் தென்னந்தோட்டத்தில் கொண்டுபோய் விட்டது என் கணக்கு.

ஏன் என்று விளங்க வருஷங்கள் எடுத்தன. ஒன்று, ரேடியோவின் ஸ்பீக்கருக்குள் பெரிய காந்தம் இருக்கிறது. திசைகாட்டியை அதன் பக்கத்தில் வைத்ததே பிழை. இரண்டு, கொட்டகலையிலிருந்து பார்த்தால் தூத்துக்குடிக்கும் திருச்சிக்கும் நடுவே 27 பாகைதான் இடைவெளி. கோடுகள் செங்குத்தாக வெட்டினால் சிறு பிழை சிறு பிழையாகவே நிற்கும். இப்படிக் கத்தரிக்கோல் வாய் போல ஒட்டிக்கொண்டு வெட்டினால், ஒரு கோட்டில் ஏழு பாகை தப்பியதற்கு 65 கிலோமீட்டர் விலகிவிடும்.

விமானத்துக்கும் இதே வியாதிகள் உண்டு. அதன் உலோக உடம்பே அலையை வாங்கித் திருப்பி வீசி முள்ளைக் கொஞ்சம் இழுக்கும். அதை ஒவ்வொரு திசையிலும் அளந்து முன்கூட்டியே திருத்தி வைப்பார்கள். திருத்த முடியாதவைதான் அதிகம். பகலில் கொரகொரக்கும் திருச்சி இரவில் துல்லியமாகக் கேட்கும், பிறகு அலை அடித்த மாதிரி வந்து வந்து போகும் என்பது எங்கள் லயத்துப் பாட்டிகளுக்கும் தெரியும். இரவில் அலை வானத்து மின்னடுக்கில் பட்டு மேலிருந்தும் இறங்குகிறது. தரையோடு வந்ததும் மேலிருந்து சாய்ந்து வந்ததும் கலந்தால் வளையத்துக்கு மௌனமான இடமே சரியாக வராது. முள் அலையும். அந்தி நேரம் ஆக மோசம். கடற்கரையைக் குறுக்கே கடக்கும் அலை சற்று வளையும். மலைகளில் பட்டுத் தெறித்த அலை வேறு பக்கமிருந்து வந்து சேரும். மின்னல் அடிக்கும்போது ரேடியோ 'கர்ர்' என்று வெடிக்கிறதல்லவா, அதுவும் ஒரு ஒலிபரப்புத்தான். ஏ.டி.எஃப். முள் நிலையத்தை விட்டு இடிமுகிலைக் காட்டத் தொடங்கும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. கம்பம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டால், பல கருவிகளில் எந்த எச்சரிக்கையும் வராது. முள் இருந்த இடத்திலேயே நிற்கும், நம்பிக்கையோடு. அதனால்தான் விமானி அந்த மோர்ஸ் எழுத்தைக் காதில் மெல்லியதாக ஓடவிட்டுக்கொண்டே பறக்க வேண்டும் என்று பழக்கினார்கள். கண் முள்ளைப் பார்த்தாலும் காது குரலை விடக்கூடாது.

விமானி அமீலியா இயர்ஹார்ட்டின் கதையும் இதற்குள் வருகிறது. 1937 ஜூலை 2-ஆம் தேதி பசிபிக்கில் ஹவ்லண்ட் என்ற சின்னஞ்சிறு தீவைத் தேடியவருக்கு, அங்கே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலின் ஒலி கேட்டது. ஆனால் அவர் கேட்டு வாங்கியது 7500 கிலோஹேர்ட்ஸில். அவ்வளவு உயர்ந்த அலைவரிசையில் அவருடைய வளையத்தால் மௌனமான இடத்தைக் காண முடியவில்லை. குரல் கேட்டும் திசை கிடைக்கவில்லை.

"அப்போ நோர்ட்டன்ல விழுந்த ப்ளேன்லயும் இந்த முள்ளுதான் பிழைச்சிருச்சா?"

இல்லை. அங்கே நடந்தது வேறு. 1974 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு. மார்ட்டினேர் என்ற டச்சு நிறுவனத்தின் டிசி-8 விமானம், இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஜித்தாவுக்கு ஏற்றிக்கொண்டு, வழியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வந்துகொண்டிருந்தது. யாத்திரிகர்கள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர். இரவு பத்து மணி கடந்து ஏழு கன்னியர் மலையில் மோதியது, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில். 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இந்தத் தீவில் நடந்த விமான விபத்துகளில் ஆக அதிக உயிரை எடுத்தது அதுதான்.

அந்த விமானத்தில் டொப்ளர் கருவி இருந்தது. உடரட்ட மெனிக்கே ரயில் கொட்டகலையைக் கடக்கும்போது ஊதலின் சுருதி, வரும்போது கூடியும் போகும்போது குறைந்தும் கேட்கிறதல்லவா, அதே தத்துவம். விமானத்தின் வயிற்றிலிருந்து அலைகளைக் கீழே வீசி, திரும்பி வருவதன் சுருதி மாற்றத்தை வைத்துத் தரைமேல் என்ன வேகம், காற்று எவ்வளவு பக்கவாட்டில் தள்ளுகிறது என்று அளக்கும். அதைத் திசைகாட்டியோடும் நேரத்தோடும் பெருக்கிப் பெருக்கி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டே வரும். இருட்டில் அடி எண்ணி நடக்கிற மாதிரி. வெளியே யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பலம். ஆனால் ஒவ்வோர் அடியிலும் நூலளவு பிழையிருந்தால் அது சேர்ந்துகொண்டே போகும், குறையவே குறையாது. அலை அடிக்கும் கடலின் மேல் நாலரை மணி நேரத்துக்கு மேல் எண்ணி வந்த கணக்கு அது.

விமானிகள் தாங்கள் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக நினைத்து இறங்கினார்கள். உண்மையில் கட்டுநாயக்கவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். மணிக்கு 450 கிலோமீட்டர் வேகத்துக்கு அது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் நம் மலைகள் நிற்கின்றன. இருக்குமிடத்தைத் தவறாக அடையாளம் கண்டு, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்றது விசாரணை. டொப்ளரையும் வானிலை ரேடாரையும் நம்பியது தவறாகப் பொருள் கொள்ள இடம் கொடுத்தது என்றும் சொன்னது.

அவளுடைய முதல் கேள்விக்குப் பதில் அதுதான். மலை இருப்பது வரைபடத்தில் இருந்தது. தாங்கள் அந்த மலைக்கு மேலே இருக்கிறோம் என்பதுதான் தெரியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிளேன்டி ஆறிப்போயிருந்தது, வேறு ஊற்றினேன்.

அடி எண்ணுவது கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணியும் நடக்க வேண்டும், மூட்டத்துக்குள் ஃபெக்டரிச் சங்கு ஊதும்போது அது எந்தப் பக்கம் கேட்கிறது என்று நின்று பார்த்துக் கணக்கைத் திருத்தவும் வேண்டும். கம்பத்தின் அலை ஐந்து பாகை தப்பலாம். ஆனால் நெருங்க நெருங்க அந்த ஐந்து பாகைக்கு ஆகும் தூரம் சுருங்கிக்கொண்டே வரும். எண்ணிக் கணக்கிடுவதில் போகப் போகப் பிழை வளரும். இரண்டும் எதிரெதிரான குணம் கொண்டவை என்பதால்தான் ஒன்றுக்கொன்று காவல்.

இந்தக் கம்பங்களுக்குப் பிறகு வி.ஓ.ஆர். என்ற நிலையங்கள் பரவின. அவற்றில் திசையைக் கண்டுபிடிக்கும் வேலை விமானத்துடையதல்ல. நிலையமே ஒவ்வொரு திசைக்கும் வேறு வேறு மாதிரி அலையை அனுப்பும். இரவிலும் இடியிலும் தடுமாறாது. ஆனால் எஃப்எம் மாதிரி, மலை மறைத்தால் கேட்காது. இன்று செயற்கைக்கோள் எல்லாவற்றையும் கைபேசிக்குள் கொண்டுவந்துவிட்டது. பழைய கம்பங்களை ஊருக்கு ஊர் அணைத்துக்கொண்டு வருகிறார்கள்.

ஆனாலும் வளையத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. இன்றைய விமானங்களில் மோதிய அதிர்ச்சியில் தானே விழித்துக்கொள்ளும் ஒரு சிறு ஒலிபரப்பி இருக்கிறது. 406 மெகாஹேர்ட்ஸில் செயற்கைக்கோளைக் கூப்பிடும். கூடவே 121.5-இலும் ஒலிக்கும். 2009 பெப்ரவரியிலிருந்து செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதில்லை. ஆனால் தேடிப் போகிறவர்கள் கேட்கிறார்கள். காட்டுக்கும் மூட்டத்துக்கும் நடுவே எந்தச் சரிவில் என்று, கையில் திசைகாணியைத் திருப்பித் திருப்பி அந்த ஒலியைத் தொடர்கிறார்கள். வழி தப்பியவர் கம்பத்தைத் தேடிய காலம் போய், இப்போது வழி தப்பியவரே கம்பமாகிவிடுகிறார்.

தலவாக்கலைப் பக்கம் இடி உருண்டது. ரேடியோ வெடித்துக் கரகரத்தது. அவள் அதைத் திரும்பவும் சோக்குக் கோட்டின் மேல் வைத்துப் பாட்டு சாகும் இடத்துக்குத் திருப்பினாள். கோட்டின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"சித்தப்பா, அந்தத் துணி காயப்போடுற கொடிக்கம்பி வெறுங்கம்பிதானே? கழட்டிக்கிறவா?"